பதினோராம் கட்டிலுக்குத் தண்ணீர்

"முன்னே எந்த ஆஸ்பத்திரியிலயாவது வேலை செஞ்சிருக்கியா?"

தேவானை எங்கே போய் நின்றாலும் இந்தக் கேள்விதான் முதலில் வந்தது. தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்கு அருகே ஒரு டாக்டர் தம் வீட்டோடு சேர்த்து நடத்திவந்த ஆஸ்பத்திரியில், வாசல்காரனே இதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டான். அடையாறில் ஒரு பிரசவ விடுதியில் கொஞ்சம் மரியாதை இருந்தது. உள்ளே கூப்பிட்டு, நிற்கவைத்துக் கேட்டார்கள்.

"இல்லீங்க" என்றாள்.

"அனுபவம் இல்லாதவளை வெச்சிண்டு நாங்க என்ன பண்றது?"

"வேலையே குடுக்கலன்னா அனுபவம் எங்கேந்துமா வரும்? அத்த எந்தக் கடையில விக்கறாங்க, சொல்லுங்க, வாங்கிகினு வரேன்."

கதவுதான் சாத்தப்பட்டது.

நாற்பத்திரண்டாம் வருஷம் அது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பயத்தில் சித்திரை மாதத்தில் பட்டணம் பாதி காலியாகிவிட்டது. மயிலாப்பூர் மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் குடும்பத்தோடு கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் ரயிலேறினார்கள். அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தவர்கள் எந்த ஊருக்கு ரயிலேறுவது? குண்டு விழுந்தால் அவர்கள் தலையிலும்தான் விழும். ஆனால் அவர்களுக்குச் சொந்த ஊர் என்றால் அது பக்கிங்காம் கால்வாய்க் கரைதான்.

அந்தக் கரையில், மந்தைவெளிப் பக்கத்துக் குடிசை ஒன்றில் இருந்தாள் தேவானை. புருஷன் நாகராஜ் அரிசி மில் வேலைக்கென்று ரங்கூன் போனவன். ரங்கூன் விழுந்த பிறகு அவனைப்பற்றிச் சேதியே இல்லை. நடக்கப் பழகிய பெண் குழந்தை ஒன்று. பற்றுப்பாத்திரம் தேய்த்த வீடுகள் நாலும் பூட்டிக் கிடந்தன. இதற்குமேல் அவள் நிலைமையைச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரி ஆயாக்களும் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள், ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் கிளம்பினாள். பக்கத்துக் குடிசை முனியம்மாள்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்கு இது பிடிக்கவில்லை.

"இன்னாமே, ஆஸ்பத்திரி வேலையா? கண்டவங்க பீ மூத்திரம் அள்ற வேலைமே அது. நாளைக்கு நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரும் ஊரை உட்டு ஓடிட்டாங்கக்கா. அவுங்க ஊட்ல பூட்டுதான் கீது. பூட்டு ஒண்ணும் சொல்லாது."

முனியம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

லஸ்ஸிலிருந்து சாந்தோமுக்குப் போகும் வழியில் தனவான்கள் சிலர் சேர்ந்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. தர்மம் என்ற பெயர் பலகையில் இருந்தது. உள்ளே எவ்வளவு இருந்தது என்பது இந்தக் கதையில் தெரியும். அங்கே மேட்ரனாக இருந்தவர் லூயிசா அம்மாள். சாந்தோம் மாதாகோவில் தெருவில் பல தலைமுறைகளாக இருந்துவரும் கத்தோலிக்கக் குடும்பம். தாட்டியான உடம்பு, கடுகடுத்த முகம். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வார்டில் பேச்சு நின்றுவிடும்.

முதல் நாள் அவரும் அதே கேள்வியைக் கேட்டார். இல்லையென்றதும் போகச் சொன்னார். மறுநாள் காலையில் அவர் வந்தபோது தேவானை வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அதற்கு மறுநாளும் நின்றிருந்தாள். அப்புறம் லூயிசா அம்மாளுக்கு அவளைத் தாண்டிப் போவது ஒரு தினசரி எரிச்சலாகிவிட்டது.

"உனக்கு என்னதான் தெரியும்?" என்று ஒரு நாள் நின்று கேட்டார்.

"பாத்திரம் தேய்க்கத் தெரியும் மேட்ரம்மா. மத்ததெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்தா தெரிஞ்சுக்குவேன்."

"மலச்சட்டி எடுப்பியா? இங்கே இருக்கற ஆயாங்க அதைத் தொட மாட்டாங்க. அதுக்குத் தனியா வெச்சிருந்த ஆளும் ஓடிப்போச்சு."

"அதுவும் பாத்திரம்தானே?"

லூயிசா அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கறேன். சரிப்பட்டா வேலை. சரிப்படலைன்னா இந்த மரத்தடிக்குக்கூட வரக்கூடாது."

இப்படித்தான் அவள் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தாள். அன்றே ஒரு கூத்து நடந்தது. பளபளவென்று வைக்க வேண்டுமே என்று செங்கல் தூளைப் போட்டு எனாமல் பேசின்களைத் தேய்த்து, வெள்ளைப் பூச்சைச் சுரண்டிவிட்டாள். நர்ஸ் ஐரின் தலையில் அடித்துக்கொண்டாள். சின்ன வயசு, படபடப்பு, ஆனால் கெட்ட மனசு இல்லை அவளுக்கு.

"இது உங்க மாட வீதி வெங்கலப் பானைன்னு நினைச்சியா? சோப்பு, வெந்நீர், பினாயில். கீறல் விழுந்தா அதுலதான் கிருமி போய் உக்காரும்."

"கிருமின்னா இன்னா நர்ஸம்மா? கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் ஆபத்து."

தேவானை அதை யோசித்துக்கொண்டே போனாள். காரணம் சொன்ன கட்டளை அது ஒன்றுதான். அதை அவள் பிறகு ஒருநாளும் மீறவில்லை.

மற்றக் கட்டளைகளுக்குக் காரணம் கிடையாது. வார்டின் கிழக்குக் கோடியில் பெஞ்சியின் மேல் ஈரத்துணி சுற்றிய ஒரு செப்புத் தவலை இருந்தது. சமையல்கார சாமா ஐயர் கிணற்றிலிருந்து கொண்டுவந்து நிரப்புவார். அவர்தான் மொண்டு கொடுப்பார். சில கட்டில்களுக்கு அந்தத் தண்ணீர் மட்டுமே. மேற்குக் கோடியில் ஒரு மண்பானை. அது மற்றவர்களுக்கு.

"ரெண்டு, ஏழு, எட்டுக் கட்டிலுக்கு நீ தண்ணி குடுக்காதே" என்று முதல் நாளே ஐரின் சொன்னாள்.

"ஏன்?"

"குடுக்காதேன்னா குடுக்காதே. நிர்வாகத்து உத்தரவு."

தேவானை அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்குப் பழகின சமாசாரம்தான். அவள் தேய்த்து அலம்பிக் கொல்லையில் கவிழ்த்த பாத்திரங்களை வீட்டு அம்மாள் மறுபடி ஒரு கை தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுத்துப் போவாள். வெங்கலத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கை தேவானையின் கையால் போகும். தேவானையின் கை பட்டது மட்டும் ஒரு தெளிப்புத் தண்ணீரில் போய்விடும்! இந்த ரசாயனத்தை எந்தக் காலேஜில் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. நோயாளியின் மலத்தை எடுக்க அவள் கை ஆகும். அதே நோயாளிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆகாது. நோய்க்கு ஜாதி தெரியாது, தண்ணீருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

மாதக் கடைசி நெருங்கியது. தேவானை கட்டுத்துணி வேகவைக்கக் கற்றிருந்தாள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து விரிப்பு மாற்றக் கற்றிருந்தாள். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை உதறக் கற்று, ஒன்றை உடைத்தும் இருந்தாள். லூயிசா அம்மாள் நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பதினோராம் கட்டிலில் மீனாட்சி என்ற அம்மாள் வந்து சேர்ந்தாள். வடக்கு மாட வீதிக்காரி. வயிற்றில் கட்டி. அறுத்து எடுக்க மறுநாளே குறித்தாகிவிட்டது. மறுநாள் காலை வார்டுக்குள் வரும்போதே ஐரின் தேவானையைக் கடந்துகொண்டே சொன்னாள்: "பதினொண்ணுக்குத் தண்ணி குடுக்காதே, தேவானை."

அதே வாக்கியம். அதே குரல். சரி, தவலைக் கட்டில் இன்னொன்று கூடிவிட்டது என்று தேவானை நினைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. ஐரின் ஆப்பரேஷன் அறையைத் தயார் செய்யப் போயிருந்தாள். சாமா ஐயர் தவலையைக் கவிழ்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருந்தார். தேவானை ஏழாம் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு கம்மிய குரல் கேட்டது.

"ஏண்டிம்மா... சாமாவைக் கொஞ்சம் கூப்பிடறியா? நாக்கு மேலண்ணத்துல ஒட்டிண்டுடுத்து."

"கெணத்தாண்ட போயிக்கீறாரும்மா. வர நாழி ஆவும்."

மீனாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெடித்து வெளுத்திருந்தது. சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து வாசற்பக்கம் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீயே குடு. ஒருத்தரும் பாக்கலை."

தேவானை அசையாமல் நின்றாள். குடுக்காதே என்ற உத்தரவு காதில் இருந்தது. வேலையும் மனசில் இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் கொல்லைக் கதவுக்கு வெளியே நின்றவளிடம், உள்ளே இருப்பவள் ஒருத்தி முதல் தடவையாகத் தண்ணீர் கேட்கிறாள். தாகத்தைவிடப் பெரிய உத்தரவு எது? மேற்குக் கோடிக்குப் போனாள். மண்பானையிலிருந்து ஒரு செம்பு நிறைய மொண்டு வந்தாள். மீனாட்சி தலையைத் தூக்கி, மடக் மடக்கென்று செம்பு காலியாகும்வரை குடித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிண்டு திரியாதே" என்றாள்.

"நான் இன்னாத்துக்குச் சொல்றேன்" என்றாள் தேவானை. அந்தக் காலை நேரத்தில் அவள் ஒரு ராஜ்யத்தையே ஜெயித்தவள் மாதிரி இருந்தாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அதற்குள் மீனாட்சியின் மாமியார் கபாலி கோவில் விபூதியோடு வந்து கட்டிலருகே நின்றுவிட்டாள். ஐரின் வெள்ளை முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டாள்: "காலையிலேர்ந்து ஏதாவது குடிச்சீங்களா அம்மா?"

மீனாட்சி மாமியாரைப் பார்த்தாள். "பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை."

"சமத்து" என்றாள் மாமியார். "ஏகாதசியே நிர்ஜலமா இருப்பா எங்காத்து மாட்டுப்பொண்."

ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைத் தேவானை பிடித்தாள், மறுபக்கத்தை இன்னோர் ஆள். நீண்ட தாழ்வாரம். கடைசியில் ஆப்பரேஷன் அறை. நடந்துகொண்டே அவள் பக்கத்தில் வந்த ஐரினிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஏன் நர்ஸம்மா அப்டிக் கேட்டீங்க?"

"எப்படி?"

"எதுனா குடிச்சீங்களான்னு."

"வயித்துல தண்ணி இருந்தா மயக்க மருந்து குடுக்கும்போது வாந்தி வரும். மயக்கத்துல துப்பத் தெரியாது. அப்படியே மூச்சுக்குழல்ல இறங்கி அடைச்சுடும். ஆள் போயிடும். அதான் காலையில உன்கிட்டயும் சொன்னேனே, தண்ணி குடுக்காதேன்னு."

தேவானையின் கால் நடந்துகொண்டுதான் இருந்தது. அவள் கேட்ட உத்தரவு ஒன்று, ஐரின் சொன்ன உத்தரவு வேறு. தவலைக்கும் அதே 'குடுக்காதே', உயிருக்கும் அதே 'குடுக்காதே'. கட்டிலில் இருந்தவளும் அப்படியே ஏமாந்திருக்கிறாள். டாக்டர் சொன்ன பட்டினியை இன்னோர் ஏகாதசி என்று நினைத்து, யாரும் பார்க்காவிட்டால் தோஷமில்லை என்று குடித்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு நடந்தால் வேலை நிச்சயம். மாதம் முடிய இன்னும் சில நாள்தானே? குடித்தவளே குடிக்கவில்லை என்கிறாள். யார் கேட்கப் போகிறார்கள்? எல்லாம் நன்றாகவே முடிந்துவிடவும் கூடும். ஆப்பரேஷன் அறையின் பச்சைத் திரை நெருங்கியது.

"நிறுத்துங்க" என்றாள் தேவானை.

யாரும் நிற்கவில்லை. அவள் நின்றாள். ஸ்ட்ரெச்சர் கோணிக்கொண்டு நின்றது.

"இவுங்க தண்ணி குடிச்சிகீறாங்க. நான்தான் குடுத்தேன். ஒரு செம்பு."

பின்னாலேயே வந்த மாமியார் அலறினாள். "என்னது? உன் கையாலயா? எந்தப் பானையிலேர்ந்துடீ?"

"பொய் சொல்றா!" என்றாள் மீனாட்சி, படுத்த வாக்கிலேயே. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. "நான் குடிக்கலை. இவ கையால நான் ஏன் குடிக்கறேன்?"

சத்தம் கேட்டு டாக்டர் திரையை விலக்கி வெளியே வந்தார். லூயிசா அம்மாளும் வந்துவிட்டார். ஒரு பக்கம் வடக்கு மாட வீதியின் வார்த்தை; மறுபக்கம் கால்வாய்க் கரையின் வார்த்தை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "யாரை நம்பறது, மேட்ரன்? சீக்கிரம் சொல்லுங்க."

லூயிசா அம்மாள் தேவானையின் முகத்தைப் பார்த்தார். "இவ சொல்றதுதான் நிஜம் டாக்டர்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இதைச் சொன்னா வேலை போயிடும்னு இவளுக்குத் தெரியும். தன் சோத்துல தானே மண்ணைப் போட்டுக்கற பொய்யை எவளும் சொல்ல மாட்டா. அந்தம்மாவுக்குப் பொய் சொல்லக் காரணம் இருக்கு. அது அவங்க பின்னாலேயே நிக்குது."

ஆப்பரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

மேட்ரன் அறையில் தேவானைக்குக் கிடைத்த பாட்டு இன்னொரு விதம். "குடுக்காதேன்னு சொன்னதை ஏன் குடுத்தே? சாகடிச்சிருப்பியே!"

"தவலைக் கட்டில்னு நெனச்சுட்டேன் மேட்ரம்மா. அந்தக் கட்டிலுக்கும் 'குடுக்காதே'தான், இதுக்கும் 'குடுக்காதே'தான். ஏன்னு கேட்டா உத்தரவுன்னாங்க. உசிரு போவும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கடவுளே வந்து கேட்டாலும் குடுத்திருக்க மாட்டேன்."

லூயிசா அம்மாளுக்கும் இது தெரியும். அவருடைய மாதாகோவிலிலும் யார் எந்தப் பக்கம் மண்டியிடுவது என்று வரிசை உண்டு. அதற்கும் யாரும் காரணம் சொன்னதில்லை. மூடக் கட்டளையையும் மருத்துவக் கட்டளையையும் ஒரே கூடையில் போட்டு வைத்தால், கேட்பவள் எதை எறிவாள், எதை எடுப்பாள்? அந்தக் குற்றம் யாருடையது? இந்தக் கேள்வியை நிர்வாகத்தார் முன்னால் வைக்க அந்த அறையில் அன்று யாருக்கும் துணிவில்லை.

"போ" என்றார் கடைசியில். "நாளைக்கு வராதே."

முனியம்மாள் அன்று சாயங்காலம் பாடித் தீர்த்துவிட்டாள். "பேஜார் புடிச்சவளே, வாயை மூடிகினு இருந்திருக்கலாமே!"

"அந்தம்மா செத்துருக்கும்க்கா."

"உன்னையப் பொய்க்காரின்னவதானே அவ!"

"அதுக்கு அவளைச் சாவ உடணுமா? நீ வேற."

விடிந்ததும் தேவானை குளித்து, துவைத்த புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மரத்தடியில் நிற்கவில்லை, நேரே மேட்ரன் அறை வாசலுக்குப் போனாள்.

"உன்னை வராதேன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. எதுக்குன்னு சொல்லலியே மேட்ரம்மா. சொல்லுங்க, போயிடறேன்."

"உத்தரவை மீறினே. வேறென்ன?"

"மீறினேன். ஏன்னு தெரியாம மீறினேன். தெரிஞ்ச நிமிசமே நிறுத்தினதும் நான்தான். இன்னோர்த்தியை வெச்சுக்குங்க, வேணாங்கல. அவ தப்பு பண்ணிட்டு உங்ககிட்ட வந்து சொல்லுவாளா, அத்த மட்டும் கேட்டுக்கினு வெச்சுக்குங்க."

லூயிசா அம்மாள் அலமாரியைத் திறந்து, மடித்த வெள்ளை ஏப்ரன் ஒன்றை அவள்மேல் எறிந்தார். நிரந்தர ஆயாக்களுக்குக் கொடுப்பது; சோதனைக்கு வந்தவர்களுக்குக் கிடையாது.

"இனிமே எந்த உத்தரவானாலும் ஏன்னு கேளு."

"கேக்கசொல்லோ திட்டுவீங்களே?"

"திட்டுவேன். திட்டிட்டுச் சொல்லுவேன். ஓடு, பதினோராம் கட்டில் ஆப்பரேஷனுக்கு நேரமாச்சு."

அன்றிலிருந்து ஆப்பரேஷனுக்குப் போகும் கட்டில்களுக்குத் தண்ணீர் கூடாது என்றால், ஏன் கூடாது என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நர்ஸ்களுக்கு லூயிசா அம்மாள் கட்டளையிட்டார். செப்புத் தவலை மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. அது அசையப் பல வருஷமாயிற்று. கடைசியில் அதில்தான் கட்டுத்துணி வேகவைத்தார்கள்; அதை அடுப்பில் ஏற்றியவளும் தேவானைதான். அதற்கு முன்னால் அதைப்பற்றி அவள் கேட்ட 'ஏன்'களுக்குக் கணக்கில்லை.

மீனாட்சியின் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியத் தெளிய அவள் மறுபடி தண்ணீர் தண்ணீர் என்று முனகினாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்போ தண்ணி கூடாதும்மா" என்றாள் தேவானை. "குடிச்சா வாந்தி வரும், வாந்தி எடுத்தா வயித்துத் தையல் பிரிஞ்சுடும். அதான். உதட்டை மட்டும் நனைக்கலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க."

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மீனாட்சியின் உதட்டில் வைத்தாள். உதடு அதைப் பற்றி உறிஞ்சியது. மீனாட்சி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. மாமியார்தான் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தத் தண்ணீர் எந்தக் கோடியிலிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை.

தேவானை பஞ்சை இன்னொரு தரம் நனைத்தாள்.